கைக்குள் ஒரு கண்: செல்லிடப்பேசி "புதுப்பிப்பு" எழுப்பும் கேள்விகள்

புது தில்லி: நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடர் 2025 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கியபோது, வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை முன்வைத்து அமளி எழும் என்றே எல்லோரும் எதிர்பார்த்திருந்தனர். அமளியும் எழுந்தது. ஆனால் அன்று மாலைக்குள் மைய மண்டபத்திலும் அவைக்கு வெளியேயும் உறுப்பினர்கள் தத்தம் சட்டைப் பையிலிருந்து செல்லிடப்பேசியை எடுத்துக் காட்டிப் பேசத் தொடங்கியதற்குக் காரணம் வேறு. மத்திய தொலைத்தொடர்புத் துறை மூன்று நாள்களுக்கு முன், அதாவது நவம்பர் 28-ஆம் தேதி, செல்லிடப்பேசி தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் ஓசையின்றி அனுப்பியிருந்த ஓர் உத்தரவு அன்றுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு புதிய செல்லிடப்பேசியிலும் அரசின் "சஞ்சார் சாத்தி" செயலி முன்கூட்டியே பதிவேற்றப்பட்டிருக்க வேண்டும் என்றது அந்த உத்தரவு. கருவியை முதன்முதலாக இயக்கும்போதே செயலி கண்ணில் படவேண்டும். அதன் செயல்பாடுகள் முடக்கப்படவோ கட்டுப்படுத்தப்படவோ கூடாது. ஏற்கெனவே தயாரிக்கப்பட்டு விற்பனைக்குச் சென்றுவிட்ட கருவிகளில் மென்பொருள் புதுப்பிப்பு மூலமாக அதைச் சேர்க்க வேண்டும். இவற்றைச் செய்து முடிக்க 90 நாள். அறிக்கை அளிக்க 120 நாள்.

இந்த மூன்று நிபந்தனைகளில் கடைசியாகச் சொல்லப்பட்டதைப் பற்றித்தான் அவையில் மிகக் குறைவாகப் பேசப்பட்டது. உண்மையில், கவலைக்கு அதிகம் இடமளிப்பது அதுவே.

மூன்று நாளில் பின்வாங்கல்

எதிர்க்கட்சிகளின் எதிர்ப்பு உடனடியாக வந்தது. இது வேவு பார்க்கும் செயலி என்றார் பிரியங்கா காந்தி. அரசியல் சாசனத்துக்கு முரணான உத்தரவு என்றார் காங்கிரஸ் பொதுச் செயலர் கே.சி. வேணுகோபால். சிவகங்கை உறுப்பினர் கார்த்தி சிதம்பரம் இதனைப் பெகாசஸோடு ஒப்பிட்டார். ஆப்பிள் நிறுவனம் இந்த உத்தரவுக்குக் கட்டுப்படப் போவதில்லை என்ற செய்தியும் மறுநாளே வெளியானது.

டிசம்பர் 2-ஆம் தேதி, நாடாளுமன்ற வளாகத்தில் செய்தியாளர்களிடம் பேசிய தொலைத்தொடர்புத் துறை அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா, செயலி விருப்பத்தின்பாற்பட்டது, வேண்டாதவர்கள் நீக்கிவிடலாம் என்றார். முடக்கக்கூடாது, கட்டுப்படுத்தக்கூடாது என்று உத்தரவில் எழுதப்பட்டிருந்ததற்கும் அமைச்சரின் இந்த விளக்கத்துக்கும் எப்படிப் பொருத்தம் காண்பது என்பது பலருக்கும் விளங்கவில்லை. அந்தத் தடை தயாரிப்பாளருக்குத்தானே தவிரப் பயன்படுத்துவோருக்கு அல்ல என்று பின்னர் வியாக்கியானம் சொல்லப்பட்டது. சட்ட வாசகங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இத்தகைய வியாக்கியானங்கள் புதியவையல்ல.

மறுநாள், டிசம்பர் 3-ஆம் தேதி, மக்களவையில் பதிலளித்த அமைச்சர், இந்தச் செயலியின் மூலம் வேவு பார்ப்பது சாத்தியமும் இல்லை, அது நடக்கப்போவதும் இல்லை என்று உறுதியளித்தார். அதே நாளில் கட்டாய முன்பதிவேற்றம் கைவிடப்பட்டதாக அரசு அறிவித்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் எதிர்ப்பு அல்ல, வரவேற்பு! இதுவரை 1.4 கோடிப் பேர் செயலியைப் பதிவிறக்கியுள்ளனர், ஒரே நாளில் 6 லட்சம் பேர் பதிவு செய்துள்ளனர், ஆகவே கட்டாயப்படுத்த வேண்டிய தேவை எழவில்லை என்றது அறிக்கை.

இத்துடன் விவகாரம் முடிந்தது என்று பலரும் எண்ணினர். முடியவில்லை. டிசம்பர் 5-ஆம் தேதி, செல்லிடப்பேசிகளில் செயற்கைக்கோள் வழி இருப்பிடம் அறியும் வசதியைப் பயன்படுத்துவோர் அணைக்க இயலாதபடி எப்போதும் இயங்கச் செய்யவேண்டும் என்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களின் யோசனை அரசின் பரிசீலனையில் இருப்பதாகவும், ஆப்பிள், கூகுள், சாம்சங் நிறுவனங்கள் அதை எதிர்ப்பதாகவும் செய்தி வந்தது. 2026 ஜனவரியில் மற்றொன்று: செல்லிடப்பேசிகளுக்கான 83 பாதுகாப்புத் தரங்களைச் சட்டப்படி கட்டாயமாக்குவது பற்றிய ஆலோசனை. முக்கியமான மென்பொருள் புதுப்பிப்புகளை வெளியிடும் முன் அரசு அமைப்புக்குத் தெரிவிப்பது, தீய நிரல்கள் உள்ளனவா என்று கருவிக்குள்ளேயே அவ்வப்போது தானியங்கிச் சோதனை நடத்துவது, கருவியின் செயல்பாட்டுப் பதிவுகளை 12 மாதங்கள் சேமித்து வைப்பது, மென்பொருளின் மூல நிரலைப் பரிசோதனைக்கு உட்படுத்துவது ஆகியவை அதில் அடங்கும் என்று கூறப்பட்டது.

மூல நிரலைக் கேட்டுக் கட்டாயப்படுத்தும் திட்டம் ஏதும் இல்லை. தொழில் துறையினருடன் நடைபெறுவது வழக்கமான கலந்தாலோசனைதான் என்று அரசுத் தரப்பு மறுத்தது. எனினும் தயாரிப்பாளர்கள் சங்கம் தன் ஆட்சேபங்களை எழுத்து மூலம் தெரிவித்திருந்தது. இடைவிடாத சோதனை மின்கலத்தைத் தின்றுவிடும். ஓராண்டுப் பதிவுகளை வைக்கக் கருவியில் இடமில்லை. பாதுகாப்புக் குறைபாட்டைச் சரிசெய்யும் புதுப்பிப்பை உடனுக்குடன் அனுப்ப வேண்டியிருக்க, அரசின் பதிலுக்குக் காத்திருப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பவை அவற்றுள் சில. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒசூரிலும் ஐபோன்கள் லட்சக்கணக்கில் பூட்டப்படும் இக்காலத்தில், இந்த ஆட்சேபங்களை அந்நிய நிறுவனங்களின் முணுமுணுப்பு என்று ஒதுக்கிவிட மத்திய அரசாலும் இயலாது.

புதுப்பிப்பு என்னும் வாசல்

ஒரு செயலியைக் கடையில் தேடிப் பதிவிறக்குவது வேறு. புதுப்பிப்பின் வழியே அது வந்து சேர்வது வேறு. முன்னதில் முடிவு நம்முடையது. பின்னதில், கருவியின் இயங்கு தளத்தையே மாற்றி எழுதும் அதிகாரம் தயாரிப்பாளரிடம் இருக்கிறது. அவருடைய மின்னணுக் கையொப்பம் இருந்தால் போதும், கருவி கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். நாமும் "சம்மதம்" என்ற பொத்தானை அழுத்திவிட்டு உறங்கப் போய்விடுகிறோம். மறுக்கவும் வழியில்லை, மறுத்தால், திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும்.

அதனால்தான் கணினிப் பாதுகாப்பு வல்லுநர்கள் புதுப்பிப்பைப் புனிதமாகக் கருதுகின்றனர். ஓட்டைகளை அடைக்க வரும் கொத்தனாரோடு வேறு யாரையாவது சேர்த்து அனுப்பத் தொடங்கினால், மக்கள் கொத்தனாருக்கே கதவைத் திறக்க மாட்டார்கள் என்பது அவர்களது வாதம். அப்படிப் புதுப்பிக்கப்படாமல் விடப்படும் கருவிகள்தாம் இணைய மோசடிக்காரர்களுக்கு வசதி. மோசடியைத் தடுக்கப் பிறந்த உத்தரவு மோசடிக்கே வழிகோலிவிடக்கூடும் என்ற அச்சத்தில் பொருளில்லாமல் இல்லை.

தயாரிப்பு நிலையிலேயே செருகப்படும் ஒன்று எவ்வளவு காலம் கவனிப்பாரற்றுத் தங்கிவிடும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2018 ஆகஸ்டில், நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் தங்கள் செல்லிடப்பேசியின் தொடர்பு எண்கள் பட்டியலில் ஆதார் ஆணையத்தின் பழைய உதவி எண் இருப்பதைக் கண்டு திகைத்தனர். ஆதார் அட்டை இல்லாதவர்களின் கருவியிலும் அது இருந்தது. தாங்கள் யாரிடமும் அவ்வாறு கேட்கவில்லை என்றது ஆணையம். பிறகு கூகுள் நிறுவனம் முன்வந்து, 2014-ஆம் ஆண்டில் இந்தியத் தயாரிப்பாளர்களுக்கு அளித்த தொடக்க அமைப்பு மென்பொருளில் அந்த எண்ணைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டோம் என்று வருத்தம் தெரிவித்தது. அது தீங்கற்ற தொலைபேசி எண் மட்டுமே. ஆனால் நான்கு ஆண்டுகள் ஒருவருக்கும் தெரியவில்லை!

கரோனா காலத்து "ஆரோக்கிய சேது"வையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2020 ஏப்ரலில் விருப்பத்தின்பாற்பட்டதாக அறிமுகமாகி, மே முதல் தேதியன்று அரசு, தனியார் ஊழியர் அனைவருக்கும் கட்டாயமாக்கப்பட்டு, இரண்டரை வாரத்தில் "இயன்றவரை உறுதி செய்க" என்ற அளவுக்கு இறங்கியது. நடந்த வரிசை ஒன்றேதான்: முதலில் கட்டாயம், பிறகு கூச்சல், பிறகு தளர்வு. இதற்கென ஒரு சட்டம் இயற்றுவோம், அவையில் விவாதிப்போம் என்ற யோசனை இரண்டு தருணங்களிலும் எழவில்லை.

கருவிக்குள்ளேயே சோதனை

சஞ்சார் சாத்தி ஒரு செயலி. உள்ளே வந்தது தெரியும், அடையாளப் படம் திரையில் தெரியும். அடுத்த கட்டம் இன்னும் நுட்பமானது. செல்லிடப்பேசியில் நாம் வைத்திருக்கும் படங்களையும் செய்திகளையும், அவை வெளியே போகும் முன்பாக, கருவியே ஆராய்ந்து பார்க்கும் முறை. உலகெங்கும் அரசுகள் இதில் நாட்டம் கொள்வதற்குக் காரணம் எளிது. வாட்ஸ்ஆப் போன்ற சேவைகளில் அனுப்புநரின் கருவியில் பூட்டப்படும் செய்தி, பெறுநரின் கருவியில்தான் திறக்கிறது. வழியில் யாராலும், அந்த நிறுவனத்தாலும்கூட, படிக்க முடியாது. வழியில் படிக்க முடியாததைப் பூட்டும் முன் படித்துவிடலாமே என்பதுதான் உள்நோக்கம்.

இதை மிகப்பெரிய அளவில் செய்ய முனைந்தது அரசு அல்ல, ஆப்பிள் நிறுவனம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி அது ஒரு திட்டத்தை அறிவித்தது. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையைச் சித்திரிக்கும் படங்கள் அமெரிக்காவில் ஓர் அமைப்பிடம் ஆவணமாக உள்ளன. அவை ஒவ்வொன்றுக்கும் கணித முறையில் ஒரு சுருக்கக் குறியீடு தயாரிக்கப்படும். மனிதருக்கு விரல் ரேகைபோலப் படத்துக்கு அந்தக் குறியீடு. அந்தப் பட்டியல் மறையெழுத்து வடிவில் ஒவ்வொரு ஐபோனிலும், இயங்கு தளப் புதுப்பிப்பு வழியாக, இறங்கும். பயன்படுத்துவோர் ஒரு படத்தை நிறுவனத்தின் மேகச் சேமிப்புக்கு அனுப்பும்போது கருவி அதன் ரேகையைப் பட்டியலோடு ஒப்பிடும். சுமார் 30 படங்கள் பொருந்தினால் மட்டுமே நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் அவற்றைப் பார்ப்பார்; உறுதியானால் அந்த அமைப்புக்குத் தகவல் போகும்.

நோக்கத்தைக் குறைகூற யாருக்கும் மனம் வராது. ஆயினும் இரண்டே வாரத்தில் உலகெங்குமிருந்து 90-க்கும் மேற்பட்ட உரிமை அமைப்புகள் திட்டத்தைக் கைவிடுமாறு கூட்டாகக் கடிதம் எழுதின. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு படங்களுக்கு ஒரே ரேகை வரும்படி செய்ய முடியும் என்று ஆய்வாளர்கள் செய்தும் காட்டினர். நவீன மறையெழுத்து இயலின் முன்னோடிகளான விட்ஃபீல்ட் டிஃபி, ரொனால்ட் ரிவெஸ்ட் உள்ளிட்ட 14 அறிஞர்கள் அக்டோபரில் விரிவான ஆய்வுரை ஒன்றை வெளியிட்டனர்.

அவர்கள் எழுப்பிய ஆட்சேபத்தின் சாரம் இது. கருவிக்குப் படம் எது, பாவம் எது என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது பட்டியல் ஒன்றே. இன்று அந்தப் பட்டியலில் குழந்தைக் கொடுமைப் படங்கள் இருக்கின்றன. நாளை ஒரு நாட்டின் அரசு, தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் கொடியையோ, ஆட்சியாளரைக் கேலி செய்யும் சித்திரத்தையோ, போராட்ட அழைப்புத் துண்டறிக்கையையோ அதில் சேர்க்கச் சொன்னால், கருவி அதையும் அதே விசுவாசத்தோடு தேடும். பட்டியலில் என்ன இருக்கிறது என்று கருவியின் சொந்தக்காரர் பார்க்க முடியாது. ஏனெனில் அது மறைக்கப்பட்ட வடிவில் உள்ளது. அரசுகள் கேட்டாலும் மறுப்போம் என்றது நிறுவனம். சட்டப்படி கேட்கும் அரசை ஒரு வணிக நிறுவனம் எத்தனை நாள் மறுத்துக்கொண்டிருக்க முடியும் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. செப்டம்பரில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2022 டிசம்பரில் முற்றிலுமாகக் கைவிடப்பட்டது.

ஐரோப்பிய ஆணையம் 2022 மே மாதத்தில் இதே போன்ற சோதனையைக் கட்டாயமாக்கும் சட்ட வரைவை முன்வைத்தது. மூன்றரை ஆண்டு இழுபறிக்குப் பின், 2025 நவம்பரில் உறுப்பு நாடுகளின் கவுன்சில் உடன்பட்ட வடிவில் கட்டாயச் சோதனை இல்லை. பிரிட்டன் 2023-இல் சட்டமே இயற்றிவிட்டது. ஆனால் தொழில்நுட்ப ரீதியில் இயலும்போதுதான் பயன்படுத்துவோம் என்று பிரபுக்கள் சபையில் அரசு சொல்ல வேண்டி வந்தது. ரஷியா வேறு வழியில் போயிற்று: 2025 செப்டம்பர் முதல் அங்கு விற்கப்படும் கருவிகளில் அரசு ஆதரவு பெற்ற "மேக்ஸ்" செய்திச் செயலி கட்டாயம்.

இவற்றுக்கு நடுவே கூகுள் நிறுவனம் 2024-இன் பிற்பகுதியில் ஆண்ட்ராய்டு கருவிகளில் "சேஃப்டிகோர்" என்ற ஒரு கூறினைப் புதுப்பிப்பு வழியே இறக்கியது. ஆபாசப் படம் என்று ஐயுறத்தக்கதை மங்கலாக்கி எச்சரிப்பது அதன் வேலை. எல்லாம் கருவிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, எதுவும் வெளியே அனுப்பப்படுவதில்லை, வயது வந்தோர் விரும்பினால் மட்டுமே எச்சரிக்கை வசதி செயல்படும் என்று நிறுவனம் விளக்கியது. விளக்கம் ஏற்கத்தக்கதே. ஆனால் பலர் அப்படி ஒன்று தங்கள் கருவியில் இருப்பதை, அது வந்து சில மாதங்கள் கழித்துத் தற்செயலாகத்தான் அறிந்தனர். அடையாளப் படமும் இல்லை, கேட்கவும் இல்லை.

இந்தியச் சட்டத்தில் ஏற்கெனவே உள்ள விதை

இது மேலை நாட்டு விவகாரம் என்று நினைப்பதற்கில்லை. 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளில், பெரிய சமூக ஊடக நிறுவனங்கள் பாலியல் வன்முறை, குழந்தைக் கொடுமை ஆகியவற்றைச் சித்திரிக்கும் பதிவுகளைத் தானியங்கிக் கருவிகள் மூலம் கண்டறிய முயல வேண்டும் என்று ஒரு விதி உள்ளது. பூட்டப்பட்ட செய்திகளில் இதைச் செய்வதென்றால் கருவியைத் தவிர வேறு இடமில்லை.

அதே விதிகளில், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று நீதிமன்றமோ அரசோ கேட்டால் அடையாளம் காட்ட வேண்டும் என்ற மற்றொரு விதியும் உண்டு. இதற்கு ஒரு தமிழக முன்கதை இருக்கிறது. 2018-இல் சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரி சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கு, போகப்போக, செய்தியின் மூலகர்த்தாவைக் கண்டறிவது பற்றிய விசாரணையாக உருமாறியது. சென்னை ஐஐடி பேராசிரியர் வி. காமகோடி, பூட்டை உடைக்காமலே செய்தியோடு அனுப்புநர் விவரத்தையும் சேர்த்து அனுப்ப இயலும் என்று அந்நீதிமன்றத்தில் யோசனை தெரிவித்தார். அவரது யோசனையை மறுத்தும் வல்லுநர் கருத்துகள் தாக்கலாயின. வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. அதற்குள் அரசே விதியை இயற்றிவிட்டது. 2021 மே மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகிய வாட்ஸ்ஆப், பூட்டை உடைக்கக் கட்டாயப்படுத்தினால் இந்தியாவை விட்டே வெளியேற நேரிடும் என்று 2024 ஏப்ரலில் அந்நீதிமன்றத்தில் தெரிவித்தது.

அரசுத் தரப்பு வாதத்தையும் எடையிட்டுப் பார்க்கத்தான் வேண்டும். இணைய மோசடிகளில் 2024-ஆம் ஆண்டில் மட்டும் மக்கள் இழந்த தொகை ரூ. 22,845 கோடி என்று உள்துறை அமைச்சகமே நாடாளுமன்றத்தில் தெரிவித்துள்ளது. அதற்கு முந்தைய ஆண்டு இழப்பு ரூ. 7,465 கோடி. "டிஜிட்டல் கைது" என்ற பெயரில் ஓய்வூதியர்களின் வாழ்நாள் சேமிப்பைச் சுருட்டும் கும்பல்கள் பற்றி உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, 2025 டிசம்பர் 1-ஆம் தேதி, சஞ்சார் சாத்தி உத்தரவு வெளியான அதே நாளில், சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. திருட்டுக் கருவிகளில் அடையாள எண்ணை மாற்றி விற்பது பெரும் தொழிலாகவே நடக்கிறது. பழைய கருவியை வாங்குவோர், அது திருட்டுப் பொருளா என்று சரிபார்க்க இந்தச் செயலி உதவும். காணாமற்போன கருவியை முடக்கவும், தம் பெயரில் வேறு யாரோ இணைப்பு வாங்கியுள்ளனரா என்று அறியவும் உதவும். இவையெல்லாம் மெய்யான பயன்கள்.

ஆனால் அவை அனைத்தும் 2023 மே மாதம் முதலே இணையதளத்தில் கிடைக்கின்றன. செயலியும் 2025 ஜனவரியில் வந்துவிட்டது. விரும்பியவர் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தனர். அழைப்புப் பதிவுகள், குறுஞ்செய்தி, கேமரா ஆகியவற்றுக்கான அனுமதியைக் கோரும் ஒரு செயலியை விரும்பாதவரின் கருவியிலும் ஏன் செருக வேண்டும் என்பதற்குத்தான் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

சந்தேகத்துக்கு வரலாறும் ஒரு காரணம். 2021 ஜூலையில் பெகாசஸ் விவகாரம் வெடித்து மழைக்காலக் கூட்டத்தொடரின் பெரும்பகுதி முடங்கியது. உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையிலான குழு 29 கருவிகளை ஆராய்ந்து, ஐந்தில் தீய நிரல் இருந்ததாகவும், அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்றும் தெரிவித்தது. மத்திய அரசு குழுவுடன் ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்ட் 25-ஆம் தேதி தலைமை நீதிபதி என்.வி. ரமணா நீதிமன்றத்திலேயே குறிப்பிட்டார். 2023 அக்டோபர் 31-ஆம் தேதி சசி தரூர், மஹுவா மொய்த்ரா, சீதாராம் யெச்சூரி உள்ளிட்ட எதிர்க்கட்சித் தலைவர்களுக்கு, அரசு ஆதரவு பெற்ற ஊடுருவலுக்கு உங்கள் கருவி இலக்காகியிருக்கலாம் என்று ஆப்பிளிடமிருந்து எச்சரிக்கை வந்தது. விசாரிப்பதாக அரசு கூறியது. இத்தனைக்கும் பிறகு "நம்புங்கள்" என்று மட்டும் சொன்னால் அவையின் எதிர்வரிசையில் நம்ப ஆள் இருக்காது.

அவை கேளாத சட்டங்கள்

2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடர்ந்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதில் அரசு தலையிடுவதாயின் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவை மீறாததாக இருக்க வேண்டும். இந்த மூன்றில் முதல் அளவுகோலே இங்கு ஊசலாடுகிறது.

சஞ்சார் சாத்தி உத்தரவின் வேர் 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம். அதன் கீழ் 2024 நவம்பரில் இணையப் பாதுகாப்பு விதிகள் வந்தன. 2025 அக்டோபரில் அவை திருத்தப்பட்டன. அந்த விதிகளின் கீழ் நவம்பரில் உத்தரவு. அந்த மூலச் சட்டம் எப்படி நிறைவேறியது? 2023 டிசம்பர் 18-ஆம் தேதி அறிமுகம். 20-ஆம் தேதி மக்களவை, 21-ஆம் தேதி மாநிலங்களவை ஒப்புதல். நான்கே நாள். நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் குறித்து உள்துறை அமைச்சரின் விளக்கம் கோரியதற்காக 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்ட கூட்டத்தொடர் அது. கேள்வி கேட்க வேண்டியவர்கள் படிக்கட்டில் அமர்ந்திருந்தபோது, 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்துக்கு மாற்றாக வந்த சட்டம் பாதி காலியான அவையில் நிறைவேறியது.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் வரைவு தந்தது. 2019 மசோதாவைக் கூட்டுக் குழு இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து 81 திருத்தங்களைப் பரிந்துரைத்தது. அரசு 2022 ஆகஸ்டில் அந்த மசோதாவையே திரும்பப் பெற்றது. 2023 ஆகஸ்டில் வந்த புதிய மசோதா எந்தக் குழுவுக்கும் அனுப்பப்படாமல், மணிப்பூர் அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அரசு தான் விரும்பும் தன் அமைப்புகளுக்கு நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைக் காட்டி இச்சட்டத்திலிருந்து விலக்களிக்கலாம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் அதற்கும் 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும் என்று அவற்றில் உள்ளது. சஞ்சார் சாத்தி உத்தரவு பிறந்த அதே மாதம் அது.

பழைய நாடாளுமன்றம் இந்த விஷயத்தில் தூங்கியதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் விழித்துக்கொள்ள அப்போது ஆள் இருந்தார். 1986-இல் ராஜீவ் காந்தி அரசு, அஞ்சல் உறைகளைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரத்தை விரிவாக்கும் அஞ்சலகத் திருத்த மசோதாவைத் தன் பெரும்பான்மையைக் கொண்டு இரு அவைகளிலும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஒப்புதலும் தரவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை; அப்படியே வைத்துக்கொண்டார். அடுத்து வந்த ஆர். வெங்கடராமன் காலத்திலும் அது சட்டமாகவில்லை. ஒரு கடித உறைக்காக ராஷ்டிரபதி பவனுக்கும் பிரதமர் அலுவலகத்துக்கும் இடையே அத்தனை பனிப்போர். இன்று ஒரு செல்லிடப்பேசியில் இருப்பது ஒரு கடிதம் அல்ல; வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை, குழந்தையின் படம், கட்சிக் கூட்டத்துக்குப் போன வழி என ஒரு வாழ்க்கையே அதில் இருக்கிறது.

டிசம்பர் 3-ஆம் தேதி திரும்பப் பெறப்பட்டது உத்தரவு மட்டுமே. அதைப் பிறப்பிக்க அடிப்படையாக இருந்த விதிகள் அவ்வறிவிப்பால் மாறிவிடவில்லை. சட்டத்தின் கீழ் இயற்றப்படும் விதிகளை இரு அவைகளிலும் தாக்கல் செய்தாக வேண்டும். குறித்த காலத்துக்குள் அவற்றைத் திருத்தவோ ரத்து செய்யவோ கோரி உறுப்பினர் தீர்மானம் கொண்டுவரலாம். ஆனால் விதிகளின் கீழ் அமைச்சகம் பிறப்பிக்கும் தனி உத்தரவுகள் அவையின் மேசைக்கு வருவதில்லை. நவம்பர் 28 உத்தரவு செய்தியாளர் கையில் சிக்கியிராவிட்டால், 90 நாள் கழித்துப் புதுப்பிப்பு வந்து இறங்கியபோதுதான் உறுப்பினர்களுக்கே தெரிந்திருக்கும்.

தீர்மானம் கொண்டுவரும் அந்த உரிமையைப் பயன்படுத்துவோரும் அரிது. 2011-ஆம் ஆண்டின் இணைய இடையீட்டாளர் விதிகளை ரத்து செய்யக் கோரி, கேரளத்தைச் சேர்ந்த மார்க்சிஸ்ட் உறுப்பினர் பி. ராஜீவ் 2012 மே 17-ஆம் தேதி மாநிலங்களவையில் அத்தகைய தீர்மானம் ஒன்றை முன்மொழிந்தார். கட்சி வேறுபாடின்றிப் பல உறுப்பினர்கள் விதிகளைக் குறைகூறிப் பேசினர். அமைச்சர் கபில் சிபல் அனைவரையும் கலந்தாலோசிப்பதாக வாக்களித்தார். தீர்மானம் தோற்றது. ஆனால் அன்று அந்த விதிகள் அவையில் விவாதிக்கப்பட்டன. 2024, 2025 ஆண்டுகளின் தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதிகளுக்கு அந்த ஒரு பிற்பகல்கூட ஒதுக்கப்படவில்லை.